இல்லாத மாட்டுக்கு வயிற்றுப்போக்கு

துணைத் தலைமை ஆசிரியர் முகோயா படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, இடுப்பை இடப்பக்கமாக வளைத்த நேரத்தில்தான் கைபேசியில் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"அன்பான வாடிக்கையாளரே! நீங்கள் இணையத்தில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறீர்கள் என்பதை நாங்கள் கவனித்து வருகிறோம். எல்லாம் உங்களுக்கு இன்னும் நல்ல சேவை தருவதற்காகத்தான்!"

வளைத்த இடுப்பு வளைத்தபடியே நின்றது.

உகாண்டாவின் ஜின்ஜா நகரில் முகோயா ஆடி யாரும் பார்த்ததில்லை. பள்ளியின் நடனக் குழுவைக் கலைத்தவரே அவர்தான். தன் கல்யாணத்தில்கூட முட்டி வலி என்று சொல்லி, மணப்பெண் நைகாகாவை அவளுடைய மாமன்களோடு ஆடவிட்டு, நாற்காலியை விட்டு எழாமல் இருந்தவர். இல்லாத அந்த வலிக்கு நைகாகா இருபத்தாறு வருஷமாக எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஒரே மகள் நாங்கோபிக்கு வரும் சனிக்கிழமை கல்யாணம். "அப்பா, ஒரே ஒரு பாட்டுக்கு என்னோட ஆடுங்கப்பா" என்று கம்பாலாவிலிருந்து போனில் கேட்டிருந்தாள். அவள் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. அதனால் பத்து நாளாக, 'மகள் கல்யாணத்தில் அப்பா ஆடுவது எப்படி' என்று வீடியோ தேடித் தேடி ரகசியப் பயிற்சி.

செய்தி அனுப்பிய, மெயின் ரோட்டில் இருக்கும் அந்த நெட் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவிகள். அந்தப் பாதியில் பாதி, கலைக்கப்பட்ட நடனக் குழு.

மறுநாள் ஆசிரியர் அறையில் கம்ப்யூட்டர் வாத்தியார் பலிகோவாவை ஓரங்கட்டினார்.

"எனக்கு வேண்டிய ஒருத்தருக்காகக் கேக்கறேன். பாத்ததையெல்லாம் போன்ல அழிச்சிட்டா போதுமா?"

"போன்லதான் சார் அழியும். கம்பெனிக்காரன்கிட்ட இருக்கறது அப்படியே இருக்கும்."

"அப்ப என்னதான் வழி?"

"மேல குப்பையக் கொட்டி மூட வேண்டியதுதான். சம்பந்தமே இல்லாம நூறு பக்கம் திறந்து பாக்கச் சொல்லுங்க. எது நெசம்னு அவனுக்கே குழம்பிடும். ஆமா, அப்படி என்ன சார் பாத்துட்டாரு?"

"வேதாகமம்" என்று சொல்லிவிட்டு முகோயா நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கை போன போக்கில் திறந்தார். மாட்டு வைத்தியம், கூரைத் தகடு, குழந்தைத் தொட்டில் என்று ஒரு மணி நேரம். பிறகு நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது கைபேசி நைகாகாவின் கையில் இருந்தது.

"ஏங்க, நம்மகிட்ட மாடு இருக்கா?"

"இல்லையே."

"அப்ப யாரு மாட்டுக்கு வயித்தால போவுது? 'உங்கள் மாட்டின் வயிற்றுப்போக்குக்கு உடனடி நிவாரணம்'னு வந்திருக்கு."

"அது... இகங்காவுல ஒரு நண்பர். அவரோட மாடு."

கைபேசி மறுபடி கூவியது. நைகாகா படித்தாள்.

"'உங்கள் புது வீட்டுக்கு உறுதியான கூரைத் தகடு.' அந்த நண்பருக்குக் கூரையும் நீங்கதான் போட்டுத் தர்றீங்களா?"

"பாவம், மழையில ஒழுகுதாம்."

மூன்றாவது முறை கூவியபோது நைகாகா படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தொட்டில்" என்றாள். "மாடு, வீடு, தொட்டில். யாருங்க அவ?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல நைகாகா!"

"இந்த முட்டி வலிய வச்சுக்கிட்டு எப்படிங்க அவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க?"

உண்மையைச் சொன்னால் மாடு போய்விடும். முட்டி வலிப் பொய் வந்து நிற்கும்.

"நாளைக்கே அந்தக் கம்பெனிக்குப் போறோம்" என்றாள் நைகாகா. "நீங்க என்னென்ன பாத்தீங்கன்னு அவங்க வாயால நான் கேக்கணும். இல்லேன்னா சனிக்கிழம உங்க பக்கத்துல நான் உக்கார மாட்டேன். பொண்ணோட மாமனார் வீட்டுக்காரங்க கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

மறுநாள் இரண்டு பைக் டாக்சியில் போனார்கள். ஒரே வண்டியில் அவரோடு உட்கார அவள் சம்மதிக்கவில்லை.

கவுன்டரில் இருந்தவள் நமுகோசே. கலைக்கப்பட்ட குழுவில் முன்வரிசையில் ஆடியவள். அவரைப் பார்த்ததும் எழுந்து, பழைய மரியாதையில் அரை மண்டி போட்டாள்.

"சார்! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கார், இருக்கார்" என்று நைகாகா முந்திக்கொண்டாள். "கொஞ்ச நாளா இவர் நெட்ல என்னென்ன பாத்தார்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடும்மா."

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் தலையைத் திருப்பினார்கள். முகோயாவின் சட்டைக் காலர் நனைந்தது.

நமுகோசே முகத்தில் சலனமே இல்லை. "மன்னிக்கணும்மா. அது வாடிக்கையாளரோட அந்தரங்கம். நாங்க நெனச்சாலும் பாக்க முடியாது. மெஷின் பாக்கும், மெஷினே விளம்பரம் அனுப்பும். இந்த ஆபீஸ்ல மனுஷங்க ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது."

"ஒருத்தருக்குமா?" என்று கேட்டார் முகோயா.

"சத்தியமா சார்."

முகோயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தங்கமான பெண்ணையா மூன்று வருஷத்துக்கு முன்னால் வெயிலில் முட்டி போட வைத்தோம்!

"அப்ப சரி" என்று நைகாகா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "இகங்காவுக்கு வண்டியப் பிடிங்க. அந்த மாட்டையாவது கண்ணால பாத்துட்டு வர்றேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வரிசை முழுக்கக் காதைத் தீட்டியது. வாயை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே வாசலுக்கு நடந்தார்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்த காவலாளி இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டு, விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். பிறகு இருபுறமும் பார்த்துக்கொண்டு, முகோயாவின் பக்கம் குனிந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. 'மகள் கல்யாணத்தில் அப்பா ஆடுவது எப்படி'ன்னு தினம் பாக்கறீங்களே, அதுல அந்த ஆளு தப்பா சொல்லித் தர்றான். முதல்ல வைக்க வேண்டியது இடது கால்."