வழிகாட்டியைப் பார்த்த வெளிநாட்டார்

யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாத ஒன்றை ஊரே பார்க்கிறது என்று நிரூபிப்பது சாமானிய மூளைக்கு ஆகிற காரியமல்ல. அதற்கு ஒரு அலுவலகம் வேண்டும், ஏசி வேண்டும், சுழல் நாற்காலி வேண்டும். எல்லாம் வாய்த்திருந்ததால் தொழில் வழிகாட்டி அலுவலகம் அந்தத் திருப்பணியைச் செவ்வனே செய்து முடித்தது.

ஊரிலுள்ள கடை, பட்டறை அத்தனையையும் ஒரு இணையதளத்தில் ஏற்றினார்கள். அதற்கு 'வழிகாட்டி' என்று பெயர். ஏற்றிய கையோடு, சந்து முனையில் நின்ற தகரப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தையல், கண்ணாடி, சாவி, காயில் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்ட பலகை அது. வழிகாட்டி இருக்கும்போது வழி காட்டுகிற பலகை எதற்கு?

சந்தின் கடைக்கோடியில், படிக்கட்டுக்குக் கீழே, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவருக்கு இதனால் ஈ ஓட்டுகிற உத்தியோகம் கிடைத்தது. காயில்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பலகை இல்லாமல் அந்தக் கடையைப் பூனைகூடக் கண்டுபிடிக்காது. பலகை திரும்பி வந்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அலுவலர் பெருந்தன்மையோடு கணினியைத் திருப்பிக் காட்டினார். காயில்காரரின் பக்கத்துக்குக் கீழே 'பார்த்தவர்கள்' என்று ஒரு எண் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் பலகை எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

பெரியவர் எதையும் சுலபத்தில் நம்புகிற பிறவியில்லை. தராசு முள்ளையே முறைத்துப் பார்ப்பவர். வீட்டுக்கு வந்து மருமகளின் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். எண்ணில் ஒன்று கூடியிருந்தது. சாப்பிட்டுக் கைகழுவி மறுபடி திறக்கச் சொன்னார். இன்னும் ஒன்று. யாரோ பார்க்கிறான். பார்த்தவன் ஏன் வரவில்லை? நடுவழியில் எவனோ மடக்குகிறான். சாவிக்காரர்மேல் சந்தேகம் வந்தது. சாவிக்காரருக்குத் தையல்காரர்மேல் ஏற்கெனவே வந்திருந்தது. அவரவர் பக்கத்தை அவரவர் கண்கொத்திப் பாம்பாகக் காத்தார்கள். எண்கள் எகிறின. அலுவலகத்தில் இனிப்பு வழங்கப்பட்டது.

இனிப்புத் தின்ற வாயோடு மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தார்: பார்க்கிற இந்த மகாஜனங்கள் யார்? உடனே கூட்டம் கூடியது. ஆழ்ந்த மௌனம் ஒருமனதாக நிறைவேறியது. பக்கத்தைத் திறந்ததும் 'நீங்கள் யார்?' என்று கேட்பது, பதில் சொன்னால்தான் உள்ளே விடுவது என்று கடைசியில் தீர்மானமாயிற்று. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், வெளிநாட்டவர் என்று கட்டம் கட்டமாக வைத்தார்கள். 'கடைக்காரர்' என்றொரு கட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தன் கடையைத் தானே தேடுகிற பைத்தியம் உலகத்தில் உண்டா?

மருமகள் போனோடு வந்து நின்றாள். "மாமா, நீங்க யாருன்னு கேக்குது."

"நான் யாரா இருந்தா அவனுக்கென்ன? இன்னிக்கு யாருன்னு கேப்பான், நாளைக்கு வரி கேப்பான். வெளிநாட்டுக்காரன்னு போடு."

"எந்த நாடுன்னு கேக்குதே."

"தூரமா ஒண்ணு பாத்துப் போடும்மா. தேடி வரக்கூடாது."

அவள் பனிக்கரடி உலவுகிற நாடாகப் பார்த்துப் போட்டாள். சாவிக்காரரும் தையல்காரரும் அதே ஞானத்தோடு ஆளுக்கொரு கண்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

முடிவைக் கண்டு அலுவலகம் புல்லரித்துப்போயிற்று. உள்ளூரில் ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை, உலகமே பார்க்கிறது! பனிப் பிரதேசத்து மக்களுக்குக் காயில்மேல் உள்ள தீராத தாகம் பற்றித் தனி அறிக்கை தயாரானது. அலுவலருக்குப் பதவி உயர்வு வந்தது. 'வழிகாட்டி' முழுவதும் அந்நிய மொழிக்கு மாற்றப்பட்டது. எழுத்துக்கூட்டித் தன் பெயரை மட்டும் படிக்கத் தெரிந்த காயில்காரருக்கு அந்தக் கொடுப்பினையும் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தின் தண்ணீர் மோட்டார் எரிந்தது. குழாயில் காற்று வந்தது. அலுவலரே சந்து சந்தாக அலைந்து, கண்டவரையெல்லாம் வழி கேட்டு, வியர்த்து விறுவிறுத்துப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்.

"உங்க கடையைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு, பெரியவரே."

"வழிகாட்டியில பாக்கலியா சார்?"

"அது வெளிநாட்டுக்காரங்களுக்குங்க." அலுவலரின் குரலில் பரிதாபம் கனிந்தது. "பனி நாட்டுல ஒருத்தர் உங்க பக்கத்தை விடாம பாத்துக்கிட்டே இருக்காரு. உங்களுக்குத்தான் அந்த அருமை தெரியல."

காயில்காரரின் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த மருமகள் அவர் காதோரம் குனிந்தாள். "மாமா, அந்தப் பனி நாட்டுக்காரரு நீங்கதான்."

பெரியவர் வேலையில் இறங்கினார். காயிலைக் கட்டினார், மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டினார், ஓடவிட்டார். தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க அலுவலகத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார்.

தொட்டியை மூடியிருந்தது தகரப் பலகை. தையல், கண்ணாடி, சாவி, காயில். அவருக்கான அம்பு பக்கத்து மாடியின் கொடிக்கயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

பலகையை உதறித் தோளில் வைத்தார். பின்னாலேயே ஏறி வந்த அலுவலர் பதறிப்போய் மறித்தார்.

"அது அலுவலகச் சொத்துங்க. திருப்பிக் குடுக்கணும்னா, அதை யார் பயன்படுத்துறாங்கன்னு ஆதாரத்தோட காட்டணும். விதி அப்படி."

"உங்க வழிகாட்டிய பயன்படுத்துறவன் யாருன்னுதான் சார் ஆராய்ச்சி பண்ணணும்" என்றார் காயில்காரர், அவரைத் தாண்டிப் படியிறங்கியபடி. "பலகையைப் பயன்படுத்துறவங்களைத்தான் இப்ப கையும் களவுமா பிடிச்சிருக்கேனே."