பல் வைத்தியர் தக்கை பறித்த படலம்

வாழ்க, கடைவாய்க் கோட்டைகளைத் தகர்த்த கையன்! வாழ்க, ஆடிய பற்களுக்கு அந்திமக் காலமாகவும் ஆடாத பற்களுக்குப் பெருங்கிலியாகவும் விளங்கிய குறடேந்தி! 'வலிக்கவே வலிக்காது' என்னும் ஒற்றைப் பொய்யை வாழ்நாள் முழுதும் முகம் மாறாமல் முழங்கியவனும், அப்பொய்யை நம்பி வாய் திறந்தவர் எண்ணிலரையும் இலேசான வீக்கத்துடன் வீட்டுக்கு அனுப்பிவைத்தவனுமாகிய அந்தப் பல் வைத்தியன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், தன் வீட்டுச் சமையலறையில், ஒரேயொரு ஒயின் புட்டியோடு பொருத பெரும்போரை இங்கே சொல்லப் புகுந்தோம்.

நாவின்மேல் குடியிருக்கும் சுவை மொட்டுகளே, துணை நில்லுங்கள். உங்களைக் கூப்பிடக் காரணம் உண்டு. நீங்கள் ஒரு வீட்டைவிட்டுச் சொல்லாமல் போனதால்தான் இந்தப் போரே மூண்டது.

வைத்தியனின் மனைவி ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியை. விடைத்தாளை எந்தக் கண்ணால் பார்த்தாளோ அதே கண்ணால் சாப்பாட்டுத் தட்டையும் பார்த்தவள். மணமான நாள் தொட்டு அவள் முன் வைக்கப்பட்ட எந்தப் பண்டமும் முழு மதிப்பெண் பெற்றதில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று அவள் தொடங்குவாள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் சூப்பின் நீர்த்தன்மை, ரொட்டியின் விறைப்பு, மிளகின் அத்துமீறல் என்று குற்றப்பத்திரிகை விரியும். வைத்தியன் முகத்தைச் சுளிப்பான். அடுத்த வேளைக்கு அதைத் திருத்துவான். மற்ற வீடுகளில் வானொலி ஒலிப்பதுபோல அந்த வீட்டில் 'ஆனா' ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் நோயுற்றாள். சிகிச்சை நோயை விரட்டியது. விரட்டிய கூலியாக அவள் நாக்கின் சுவையை வாரிக்கொண்டு போயிற்று. தின்பதெல்லாம் காகிதம். இதை அவள் தன் தம்பியிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். கணவனிடம் சொல்லவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று வேளையும் அடுப்படியில் வேர்த்து நிற்கும் அந்த மனிதனைப் பார்த்து, எதை வைத்தாலும், "நல்லா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். 'ஆனா' இல்லை.

எத்தனையோ பேரின் அலறலுக்கு அசையாத நெஞ்சு அந்த இரண்டு சொல்லில் ஆடிப்போயிற்று. 'இவள் வாயிலிருந்து ஒரு குறை கேட்காமல் ஓயமாட்டேன்' என்று அவன் வெங்காயத்தின்மீது கத்தி வைத்துச் சூளுரைத்தான். அன்று முதல் நாளுக்கு ஒரு சிட்டிகை உப்பை ஒற்றர்களாக உள்ளே அனுப்பினான். போன ஒற்றர் எவரும் சேதி கொண்டு திரும்பவில்லை. விருந்துக்கு வந்த மைத்துனன் மட்டும் ஒரு வாய்க்கு ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, "மச்சான், இது சாப்பாடா, இல்ல கடல் குளியலா?" என்றான்.

இந்த மைத்துனனுக்கு வீட்டில் மோப்பம் என்று பெயர். தேநீரானாலும் முகர்வான், தபாலானாலும் முகர்வான். ஒயின் சுவைக்கும் வகுப்புக்குப் போய்வந்த பிறகு அந்த மூக்குக்கு ஒரு பட்டாபிஷேகமே நடந்தாற்போல் ஆயிற்று. அந்த ஞாயிறன்று அவன்தான் கருஞ்சிவப்புப் புட்டி ஒன்றைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்து, இவ்வாறு பிரகடனம் செய்தான்:

"இதுல ஒரு துவர்ப்பு இருக்கு மச்சான். தூங்கற நாக்கத் தட்டி எழுப்பிரும். ஆனா தனியாக் குடிச்சா வேலைக்காகாது. தோதான சாப்பாடு வேணும். கொழுப்புள்ள கறி, முத்தின சீஸ், வெண்ணெயில வதக்கின காளான். எதையும் மாத்தக் கூடாது."

ஒரு மிடறு ஒயினுக்கு, அவளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரும் தலையசைத்திருந்தார். படை திரண்டது. பொன்னிறக் கவசம் பூண்டு நெய் வடிய நின்றது வாட்டிய ஆட்டுத்தொடை. பழைய மன்னனின் கால்போல் வாடையும் பெருமையுமாக வீற்றிருந்தது சீஸ். கருங்குடை பிடித்து அணிவகுத்தன காளான்கள். மைத்துனனின் வயிற்றை நிரப்புவதற்காக மட்டும் ஓவனுக்குள் கொஞ்சம் உருளைக்கிழங்கு, படையில் பேர் பதியாமல், அது பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது.

போர் தக்கையில் தொடங்கியது.

"குடுங்க மச்சான், நான் தொறக்கறேன்."

"உன் பல்லையே நான்தான்டா பிடுங்கினேன். இது எனக்கு ஒரு பல்லா?"

தக்கைத் திருகியை இறக்கினான் வைத்தியன். மத்தகத்தில் அங்குசம் இறங்குவதுபோல் அது இறங்கியது. முழங்காலிடையில் புட்டியை இடுக்கி, மூச்சை அடக்கி, மலையைப் பெயர்க்க முனைந்தவன்போல் இழுத்தான். 'டப்' என்றொரு ஒலி. அரைத் தக்கை கையோடு வந்தது. மறு அரை புட்டியின் கழுத்துக்குள் இறுகி நின்றது.

வேர் முறிந்து உள்ளே தங்கிவிட்டது! பல் வைத்தியர் குலத்துக்கு இதைவிட இழுக்கு ஏது?

ஆசிரியை மேசைமீது முழங்கையை ஊன்றிக்கொண்டு, "வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றாள்.

சீறிய சிங்கமெனப் படியிறங்கிக் கீழ்த்தளத்துக் கிளினிக்குக்கு ஓடினான் வீரன். நெற்றியில் விளக்கும், ஒரு கையில் குறடும், மறு கையில் நெம்புகோலும், முகத்தில் முகமூடியுமாக மீண்டான். முகமூடி எதற்கென்று அவனுக்கும் தெரியாது, பழக்கம். புட்டியைச் சாய்த்து, விளக்கைக் குவித்து, தன்னையறியாமல், "நல்லாப் பெருசாத் தொறங்க" என்றான்.

அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வீரனுக்கு ஆனைப்பலம் வந்தது. வந்த பலத்தை முழுவதும் நெம்புகோலில் காட்டினான். முறிந்த தக்கை வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே பாய்ந்தது. சிறைப்பட்ட செந்தேறல் ஒரே பீறலாக மேலெழும்பி அவன் வெள்ளைச் சட்டையின் மார்பில் வந்து விழுந்தது.

"ரத்தம் வருது, பஞ்சு வைங்க," என்றாள் ஆசிரியை.

அந்தக் கறை இன்னும் அந்தச் சட்டையில் இருக்கிறது. சட்டை அலமாரியில் தொங்குகிறது. அதைத் துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

அதே கணத்தில் ஓவனிலிருந்து கரும்புகை எழுந்தது. மறக்கப்பட்ட உருளைக்கிழங்கு! முகமூடியோடு பாய்ந்த வீரன் தட்டை வெளியே இழுத்து, கருகலை மறைக்கும் பதற்றத்தில், காலையிலேயே உப்புப் போட்டதை மறந்து, ஒரு கை அள்ளி மீண்டும் தூவி, அதை மேசையின் கோடியில் ஒளித்துவைத்தான். தேநீர் வடிகட்டி வழியாக, தக்கைத் தூள் நீங்கி, மூன்று கிண்ணங்களில் இறங்கியது மது.

மோப்பம் கிண்ணத்தைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான். "ஈர மண்ணு... பழுத்த பிளம்... பழைய தோல் பை..."

"தோல் பையா? அத எதுக்குடா குடிக்கணும்?"

"அக்கா, பேசாமக் குடி."

முதலில் ஆட்டுத்தொடை போருக்குச் சென்றது. அவள் ஒரு துண்டு மென்று, ஒரு சொட்டு பருகி, கணவனின் கறைபட்ட மார்பைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். தொடை வீழ்ந்தது. அடுத்துச் சென்ற சீஸ், மைத்துனனே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு வாடை வீசிப் போரிட்டும், "நல்லா இருக்கு" என்னும் அதே வாளால் வெட்டுண்டது. காளான்களின் கதியை என்னென்று சொல்வது! கடைசிக் காளான் விழுந்தபோது மோப்பம் தலைகவிழ்ந்து தன் கிண்ணத்தை முகராமலே குடித்தான்.

தோற்றான் வீரன். நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருப்பதைக்கூட அறியாமல் நாற்காலியில் சரிந்தான். குறடு மேசைமேல் கிடந்தது. இனி அனுப்பப் படையில்லை. நாளைக்கும் மறுநாளைக்கும் அந்த வீட்டில் எல்லாம் நல்லாத்தான் இருக்கப்போகிறது என்று எண்ணினான். அந்த எண்ணத்தின் பாரத்தில் அவன் தோள்கள், எத்தனையோ தாடைகளை வென்ற அந்தத் தோள்கள், மெல்ல இறங்கின.

அவனைப் பார்க்கப் பொறாமல் ஆசிரியை வேறெங்கோ பார்த்தாள். பார்த்த இடத்தில் உருளைக்கிழங்கு இருந்தது. கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்பதுபோல் கருகிய துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கிண்ணத்தை எடுத்து ஒரு மிடறு பருகினாள்.

மெல்லுவதை நிறுத்தினாள்.

அப்போது, சுவரில் கடிகாரம் ஓடவும் அஞ்ச, குழாய்ச் சொட்டு விழவும் தயங்க, மோப்பம் உறிஞ்சிய வாயைத் திறந்தபடி உறைய, தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் கண்டு நடுங்கிய அந்த இடப்புருவம், நெடுநாள் கொடியேறாத கோட்டையில் கொடி ஏறுவதுபோல், மெள்ள, மெள்ள, மேலேறிற்று. நாவின்மேல் நீண்ட நாள் துயின்ற சேனைகள் கண் விழித்து முரசறைந்தன. சரிந்து கிடந்த வீரன் நிமிர்ந்தான். அவன் நெற்றிவிளக்கின் ஒளி நேரே அவள் முகத்தில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டே, தட்டை அவன் பக்கம் தள்ளி, அவள் வாய் திறந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா உப்பு ஜாஸ்தி."