ஒரு தார்ப்பாய் வெளிநாடு போன கதை

உலகத்தின் எந்த மூலையில் பூமி நடுங்கினாலும், அந்த நடுக்கம் முதலில் உணரப்படுவது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, முகம்மது கவுஸ் பாயின் ஜவுளிக்கடை மாடியில்தான். அங்கேதான் 'அகில உலகத் துயர் துடைப்போர் மன்றம்' இயங்குகிறது. பொருளாளர் கவுஸ் பாய். நிரந்தரத் தலைவர் தைரியநாதன் சார், ஓய்வுபெற்ற உதவித் தலைமையாசிரியர், இளகிய மனசுக்காரர். எவ்வளவு இளகிய மனசு என்றால், பக்கத்துத் தெருவில் குடிசை எரிந்த அன்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டு டி.வி.யில் பிரேசில் வெள்ளத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். புகை உள்ளே வந்தால், வருகிற கண்ணீர் எந்தத் துயரத்துக்கானது என்ற குழப்பம் வந்துவிடும் அல்லவா?

சார் மேல் குறை சொல்லக் கூடாது. உள்ளூர்த் துயரத்துக்கு உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அயல்நாட்டாருக்கு யார் இருக்கிறார்கள்? சார்தான் இருக்கிறார். 'உதவி வெளிநாட்டவருக்கு மட்டும்' என்று மன்றத்தின் மூன்றாவது ஷரத்தை அவரே தன் கையால் எழுதினார்.

பயிற்சி இல்லாமல் களத்தில் குதித்தவர்களும் அல்ல இவர்கள். போன ஆடியில் மலைமேல் இருக்கும் கரியாலூரில் இரண்டு நாள் 'பேரிடர் மேலாண்மை முகாம்' நடத்தினார்கள். அருவியில் நின்று வெள்ளத்தை உணர்ந்தார்கள். பிரியாணி வரத் தாமதமானதில் பஞ்சத்தையும் உணர்ந்தார்கள். பாறையில் வழுக்கி விழுந்த கவுஸ் பாயைத் தூக்கி நிறுத்தியதில் மீட்புப் பணியும் பழகியாயிற்று.

ஐப்பசியில் எங்கோ ஒரு தீவு நாட்டில் நிலநடுக்கம் வந்தது. மன்றம் அவசரமாகக் கூடியது. அந்த நாட்டின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால், பேனரில் 'அந்த நாட்டு மக்களுக்காக' என்று போட்டால் போதும் என ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். விற்காமல் கிடந்த ஸ்வெட்டர்களை கவுஸ் பாய் மனமுவந்து கொடுத்தார். அங்கே வெயில் ஜாஸ்தி என்று யாரோ சொன்னபோது, "நடுங்குதுன்னுதானே நியூஸ்ல சொன்னாங்கோ?" என்று மடக்கினார். மக்காச்சோளம் காயப்போடுகிற நீலத் தார்ப்பாய்களும் ஒரு கட்டு சேர்ந்தது.

அந்த நேரத்தில்தான் கலையரசி மாடியேறி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. சின்னசேலம் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவள். முன்பு அது அகதிகள் முகாம், இப்போது மறுவாழ்வு முகாம். பெயர் மாறிய செய்தி கூரைக்கு இன்னும் எட்டவில்லை. பழைய பெயரிலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"சார், வூட்டு மேல இருந்த ஷீட்டு காத்துல பறந்துடுச்சுங்க. புள்ளைக்கு இளைப்பு. நனஞ்சிக்கினே தூங்குது. ஒரே ஒரு தார்ப்பாய் குடுத்தீங்கன்னா போதும்ங்க."

சாரின் மனம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்த மனத்தோடு ஷரத்தை நினைத்துப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"சின்னசேலம் பக்கம்ங்க. சிலோன்காரங்க முகாம்."

"அப்ப உள்ளூரு. எங்க சட்டத்துல உள்ளூருக்கு எடமே இல்லம்மா. நீ மட்டும் வெளிநாட்டுல இருந்து கேட்டிருந்தா, இந்நேரம் குடுத்திருப்பேன்."

கலையரசி படியிறங்கத் திரும்பினாள். அப்போதுதான் சாருக்குப் பொறி தட்டியது. நிவாரணப் பொருள் வழியனுப்பு விழாவுக்கு லாரி தயார், மண்டபம் தயார், மாலை தயார். துயரப்படுகிறவர் ஒருவர்தான் இல்லை. அந்த நாட்டிலிருந்து ஆள் கூட்டிவர முடியாது. இங்கே அசல் அகதி ஒருத்தி தானாகவே வந்து நிற்கிறாள்!

"நில்லும்மா. விழாவுல அகதிங்க சார்பா ரெண்டு வார்த்தை பேசு. மேடையில உன் கையில தார்ப்பாய் குடுப்போம்."

"நெசமாவா சார்?"

"ஆண்டவர் சாட்சியா மேடையில குடுப்போம்."

சார் பொய் சொல்லுகிறவர் அல்ல. மேடையில் கொடுப்பது நம் பொதுவாழ்வு போற்றிக் காத்துவரும் மரபு. மேடையில் கொடுப்பார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், பயனாளி பின்பக்கம் இறங்கியதும் பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரே தையல் மிஷின் இப்படிப் பத்துப் பதினைந்து பெண்களுக்கு வாழ்வளித்ததை சார் கண்ணாரக் கண்டிருக்கிறார்.

ஒத்திகையில் ஒரு சிக்கல். மன்றத்தின் ஃபோட்டோகிராஃபர், ஸ்டுடியோ மார்ட்டின்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"இன்னாம்மா, நீ எங்கள மாதிரியே பேசிக்கினு இருக்க? சிலோன் தமிழ்ல பேசும்மா."

"அது எங்கம்மாவுக்குத்தான் வரும்ணா. நான் பொறந்ததே இங்க ஆஸ்பத்திரிலதான்."

"இங்க பொறந்தா நீ எப்படி அகதி?"

"அதத்தான்ணா நானும் கேட்டுக்கினு இருக்கேன். எங்கப்பா அம்மா அங்கிருந்து வந்தாங்கோ. அதனால நானும் வெளிநாடாம். இவனும் வெளிநாடாம்." இடுப்பிலிருந்த வெளிநாட்டவன் இருமினான்.

"இதெல்லாம் மேடையில பேசாதம்மா, அரசியலாயிடும். நீ அழுதா போதும்," என்றார் சார்.

மார்ட்டின் யூடியூபைப் பார்த்து, ரொம்பக் கஷ்டப்பட்டோம் என்பதற்கு 'நாங்கள் சரியாக் கஷ்டப்பட்டனாங்கள்' என்ற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தான். கலையரசிக்கு அது வாயில் நிற்கவில்லை. இவ்வளவு நல்ல அகதிக்கு இப்படியொரு குறையா என்று சார் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விழா நாளில் நல்ல மழை. மண்டபம் நிரம்பியது. கலையரசி அந்த வாக்கியத்தை ஒருவழியாகச் சொல்லி முடிக்க, கூட்டம் 'உச்' கொட்டியது. சார் தார்ப்பாயை நீட்டினார். அவள் வாங்கினாள். இருவரும் கேமராவைப் பார்த்தார்கள். மார்ட்டின் கட்டை விரலைக் காட்டினான். சார் தார்ப்பாயை இழுத்தார். அது வரவில்லை.

"வுடும்மா," என்றார், சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னாத்துக்கு சார் வுடணும்? குடுத்துட்டீங்கல்ல?"

"அது ஃபோட்டோவுக்கும்மா. இது வெளிநாட்டுக்குப் போற பொருளு."

"நான் வெளிநாடுதான் சார். பாஸ்போர்ட்டு கேட்டா வெளிநாடு. ஓட்டு கேட்டா வெளிநாடு. கவர்மெண்டு வேலை கேட்டா வெளிநாடு. தார்ப்பாய் கேட்டா மட்டும் நான் சின்னசேலமா?"

மைக்கை யாரும் அணைக்கவில்லை. இது பஸ் நிலையம் வரைக்கும் கேட்டது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு அங்கம் என்று நினைத்து மண்டபம் கைதட்டியது. சார் இரண்டு கையாலும் இழுத்தார். அவளுக்கு ஒரு கைதான் மிச்சம், மற்றொன்றில் குழந்தை. அப்படியும் சாரால் ஆகவில்லை. கவுஸ் பாய் அவர் காதருகே வந்தார்.

"வுட்டுடுங்க சார். ஷரத்துப்படி பாத்தா அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டுதானே?"

சார் அதிகாரபூர்வமாகப் பிடியைத் தளர்த்தினார். "நமது மன்றத்தின் முதல் வெளிநாட்டு உதவி இனிதே வழங்கப்பட்டது!" என்று மைக்கில் முழங்கினார். கலையரசி பின்பக்கப் படியை நம்பவில்லை. முன்பக்கமாகவே குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பிறகு கொடியசைத்து லாரியை அனுப்பினார்கள். அது ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, கவுஸ் பாயின் கிடங்குக்கே வந்து நின்றது. சரக்கை அந்த நாட்டுக்குக் கொண்டுபோவது எப்படி என்று யாரும் யோசித்திருக்கவில்லை. வழியனுப்பும் குழு அமைத்தார்களே தவிர, அனுப்பும் குழு அமைக்கவில்லை. கிடங்குக் கூரையும் ஒழுகியதால் மிச்சத் தார்ப்பாய்களைப் பிரித்து ஸ்வெட்டர்கள் நனையாமல் மூடிவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் சார் கண்கலங்கப் பேசினார். "நம்ம தார்ப்பாய் இன்னைக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குக் கூரையா இருக்குது."

"ஒருநாள் போயிப் பாத்துட்டு வரலாமா சார்? அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்குதோ," என்றான் மார்ட்டின்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரமா?" என்றார்.

தூரம்தான். சின்னசேலத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும். கலையரசி பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த முகாம் அங்கே இருக்கிறது. சாரின் கருணை மட்டும் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. போன ஒரே ஒரு தார்ப்பாயும் அவர் கொடுத்துப் போனதல்ல, அவள் பிடுங்கிக்கொண்டு போனது.