செல்வராஜை இரண்டு முறை சாகடித்தவர்

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். பகலெல்லாம் ஃபைல் பார்த்துவிட்டு, சாயந்திரமானால் ஜெயிலுக்குப் போகிறவர். நிஜ ஜெயிலுக்கு இல்லை, மேடை ஜெயிலுக்கு. இந்த இனத்துக்கு மேடைத் தியாகி என்று பெயர். தன்னை ஒரு கொசு கடித்தால் ஊரையே கூட்டிவிடுவார். ஆனால் பிறத்தியார் பட்ட கஷ்டம் என்றால் அவருக்கு உயிர். பட்டது போதவில்லை என்று தோன்றினால், தன் கையிலிருந்து கொஞ்சம் போட்டு நிரப்பியும் விடுவார்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் கல்கத்தாவில் இந்தப் பதவியை வகித்தவர் லேக் கார்டன்ஸ் வெங்கடசுப்ரமணியன், பாங்க் ஆபீஸர். சபா ஆண்டு விழாவுக்கு நாடகக் கதை தேடிக்கொண்டிருந்த அவரிடம், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் செல்வராஜ் வசமாக மாட்டினார். யூனியன்காரர். எமர்ஜென்சியில் உள்ளே போய், நல்லபடியாக வெளியே வந்தவர். நல்லபடியாக வந்ததுதான் வெங்கடசுப்ரமணியனுக்குப் பொறுக்கவில்லை.

"ரொம்ப அடிச்சாளா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லிங்க. கேரம் ஆடுவோம். பெங்காலித் தோழருங்களுக்கு நான் ரசம் வச்சுக் குடுத்தேன். மூட்டைப்பூச்சிதான் தாங்க முடியல."

"மூட்டைப்பூச்சியை மேடையில எப்படி ஓய் காட்டறது?"

செல்வராஜின் மனைவி கிருஷ்ணம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசியில இவரு வீட்டுக்கு வர்றதைக் காட்டுங்கய்யா. தாடியும் மீசையுமா வாசல்ல வந்து நின்னாரு. யாரோ பிச்சைக்காரன்னு நெனச்சு, 'அப்புறமா வாப்பா'ன்னு வெரட்டிட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பெறகுதான்..." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த ஒரு கூப்பிடுதலுக்காக அவள் எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"பேஷ், பார்க்கலாம்" என்றார் வெங்கடசுப்ரமணியன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியாதா?

விழா நாளும் வந்தது. எதிர்வீட்டு முகர்ஜியின் நாய்க்கு ஒரு மாதமாக விடுதலை. அதன் சங்கிலி வெங்கடசுப்ரமணியனின் காலில் இருந்தது. செல்வராஜ் வேஷத்தில், அந்தச் சங்கிலியோடு, பட்டினிப் போராட்டத்தில் சற்றும் இளைக்காத தொப்பையோடு, தமிழே தெரியாத பெங்காலி ஜெயிலரிடம் அடுக்குமொழியில் அரை மணி நேரம் முழங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, உயிரை விட்டார். அந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங். செத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. விடுவாரா மனிதர்? கரண்ட் வந்ததும் எழுந்து நின்று, கடைசி வசனத்திலிருந்து ஆரம்பித்து, இன்னொரு முறை செத்தார். இந்தத் தடவை சபையே விம்மியது.

அதோடு விட்டாரா? நோட்டீஸில் போடவென்று கிருஷ்ணம்மாளிடம் வாங்கிப் போன செல்வராஜின் படம், பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி மேடைக்கு வந்தது. "அமரர் தியாகிக்கு எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தவும்" என்று மைக்கில் அறிவித்தார்கள். யூனியன் கூட்டங்களில் யார் யாருக்கோ நின்று பழகிய செல்வராஜும், முன்வரிசையில் எழுந்து, தலையைக் குனிந்து நின்றார். தனக்குத்தான்.

கிருஷ்ணம்மாள் எழுந்திருக்கவில்லை. புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க! யோவ், இவரு இங்கதான்யா இருக்காரு! உசுரோட வீட்டுக்கு வந்துட்டாருய்யா!"

"உஷ்! தியாகிக்கு மரியாதை குடுங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அழுது அழுது தழுதழுத்த, ரொம்ப நல்ல மனுஷனின் குரல்.

வெங்கடசுப்ரமணியனைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது, சரி. அன்றைக்கு நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்?