உயிருள்ள விண்ணப்பதாரி

பிறருக்கு வந்த கடிதத்தை முன்கூட்டிப் பிரித்துப் பார்க்காதவனே நேர்மையானவன் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நேர்மையே என் மானத்தை நாற்பது பேர் முன்னிலையில் வாங்கும் என்று நினைக்கவில்லை.

கண்டியை அடுத்த திகனப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மரணாதாரச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், கதிரைகள், பெரிய பானைகள், ஒரு வேன் எல்லாம் சங்கமே கொண்டுபோய் இறக்கும். அதன் யாப்பை, அதாவது விதிமுறைகளை, எழுதியவனும் நானே (கல்லூரியில் படித்தவன் ஒருவன் இருக்கையில் வேறு யார் எழுதுவது?). விண்ணப்பங்களைக் கூட்டத்தில்தான் உறை பிரித்து, செயலாளர் உரத்து வாசிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. பாரபட்சம் கூடாது என்பது காரணம். என் குரல் கணீரென்று இருக்கும் என்பது சொல்லப்படாத காரணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அப்போது இருபத்து மூன்று வயதான என் மகள் சர்மிளாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை கண்டிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். அவள் கணக்கியல் படிக்கப் போகிறாள் என்று ஊருக்குச் சொன்னேன். தலையில் துணி கட்டியிருந்ததற்குப் பீனிசம் என்றேன். அவளோடு நானும் அதே பஸ்ஸில் போனேன். ஆனால் ஏழு இருக்கை தள்ளி. (இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.)

நாலாவது முறை முடிந்து வீடு வந்ததும் அவள் சொன்னாள்: "இனிமே பக்கத்துல யாராச்சும் இருந்தாத்தான் போவேன்ப்பா. இல்லாட்டி ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"வெளியே தெரிஞ்சா நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறது எப்படி?"

"மாப்பிள்ளை வாறப்ப நான் இருக்கணுமே."

அத்துடன் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

மறு ஞாயிறு சங்கக் கூட்டம். ஒரே ஒரு விண்ணப்பம், தட்டச்சில் வந்திருந்தது. எழுந்து நின்று வாசித்தேன். "ஐயா, தங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் மகளாகிய நான் தாழ்மையுடன் அறியத்தருவது." இங்கே நிறுத்தி, "விண்ணப்பம் என்றால் இப்படி எழுத வேண்டும்" என்று சபையைப் பார்த்து ஒரு பாராட்டும் வழங்கினேன்.

"என் தாயார் இறந்த அன்று இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தீர்கள். எனக்குப் புற்றுநோய். நான் இன்னும் இறக்கவில்லை. இக்குறைபாட்டைப் பொருட்படுத்தாது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர என் பக்கத்தில் உட்கார ஓர் ஆளைத் தந்துதவுமாறு வேண்டுகிறேன். தந்தையார் உடன் வருகிறார். ஏழு இருக்கை தள்ளி."

கணீர்க் குரல் கம்மிப் போயிற்று. கையொப்பத்தையும் வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தேன்.

பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாப்பின்படி, மரணம் நிகழ்ந்திருந்தால் மட்டுமே" என்று தொடங்கினேன்.

பானைகளுக்குப் பொறுப்பான பாக்கியம் எழுந்தாள். "அப்ப புள்ள செத்துட்டு வரணுங்களா சேர்?"

நான் யாப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் விடவில்லை.

"பீனிசம்னு சொன்னீங்களே. நான் மெனக்கெட்டு நொச்சி இலை பறிச்சுக் குடுத்தேனே."

கதவடியிலிருந்து சர்மிளாவின் குரல் வந்தது. "அதுல அப்பாதான் ஆவி புடிச்சாரு, பாக்கியக்கா." சொல்லிக்கொண்டே தலைத்துணியை அவிழ்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மொட்டைத் தலையோடு முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். பாக்கியம் போய் அவள் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள்.

விண்ணப்பத்துக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. அறிக்கையில் 'ஏகமனதாக' என்று எழுத வேண்டுமானால் என் கையும் உயர வேண்டும். உயர்த்தினேன்.

சங்கத்திடம் இருந்த வாகனம் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை, இருபுறமும் 'மரணாதாரச் சங்கம்' என்று கறுப்பு எழுத்தில் பொறித்த வேன் எங்கள் வாசலுக்கு வந்தது. முன்னால் சர்மிளாவும் பாக்கியமும். பின்னால் மடித்த கூடாரத் துணிகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டி சால்வையுடன், நிமிர்ந்தபடி நான்.

ஆஸ்பத்திரி வாசற்காவலர் வேனைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பிரேத அறைப் பக்கம் மரியாதையாகக் கை காட்டினார். பழக்க தோஷத்தில் சாரதியும் அந்தப் பக்கமே திருப்பினார்.

சர்மிளா மொட்டைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "தவம நே, மாமே" என்றாள் சிங்களத்தில். இன்னும் இல்லை, மாமா.

காவலரின் தொப்பி கீழே விழுந்தது. பாக்கியம் சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. சால்வையால் வாயைப் பொத்தியிருந்தது வேறு காரணத்துக்காக.

மருந்து முடிந்து இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. சோதனை முடிவுகள் இதுவரை நல்லபடியாகவே வருகின்றன. எங்கள் வீட்டில் 'சாப்பிட்டாச்சா', 'குளிச்சாச்சா' எதற்கும் பதில் 'தவம நே'தான். என் முன்னிலையில் அப்படிப் பேச வேண்டாம் என்று பலமுறை கண்டித்திருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டுப் பாக்கியம் போன் எடுத்தாள். "வேன் அனுப்பவா சேர்?"

எழுந்து நின்று, கணீரென்று சொன்னேன்: "தவம நே."