சிநேகா என்டர்பிரைசஸ்

"இங்க ஒரு ஓட்ட கீதே, அண்ணாத்த" என்றான் துரை.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஆறடி அகலக் கடைக்குள் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் சென்டர், ரீசார்ஜ் என்று மூன்று தொழில் நடத்துகிறவன் துரை. திரையில் அவன் விரல் நின்ற இடத்தைப் பூபாலன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். அவனுடைய பயோடேட்டாவில், கம்பெனி ஸ்டோரில் ஏழு வருஷம் வேலை என்று ஒரு வரி இருந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு வெறும் வெள்ளைத் தாள்தான்.

அந்த ஓட்டை வழியாக இதுவரை நாலு வேலை ஒழுகிப் போயிருக்கிறது. ஒவ்வொரு இன்டர்வியூவும் நன்றாகத்தான் ஆரம்பிக்கும். சில இடத்தில் டீ கூடக் கொடுத்தார்கள். அப்புறம் யாராவது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்பார். பூபாலன், "வூட்ல சும்மா இருந்தேன் சார்" என்பான். பிறகு டீயைக் குடித்து முடித்துக் கிளம்ப வேண்டியதுதான்.

சும்மா இருந்தேன் என்பது அவன் வாய்ச்சொல். நடந்தது வேறு. ஸ்டோரில் ஆள் குறைத்தபோது அவன் வெளியே வந்தான். மனைவி ஜாய்ஸுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுக் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை. மகள் சிநேகாவுக்கு அப்போது இரண்டரை வயது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது, இவன் இருந்தான். விடிவதற்குள் எழுந்து சோறு வடித்து, ஜாய்ஸைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி துவைத்து, தூங்கவைத்து, எழுப்பி, மறுபடியும் ஊட்டி, இப்படி மூன்று வருஷம் சும்மா இருந்ததில் அவனுக்கு ஆறு கிலோ குறைந்து போயிற்று. ஆனாலும் அவன் ஊரான படாளத்தில் எவனாவது, "இன்னா மச்சான், இன்னும் வூட்லதானா?" என்று கேட்டுவிட்டால் அவன் முகம் சுண்டிப்போகும்.

இப்போது சிநேகா ஒன்றாம் வகுப்பு. கோவளத்துக்கு இந்தப் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில், ஊழியர் விடுதிக்கு மேற்பார்வையாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. அங்கே தங்கியிருக்கும் அறுபது பேருக்குச் சாப்பாடு, துணி, வண்டி எல்லாம் நேரத்துக்கு நடக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தைப் படித்தபோதே இது தனக்கென்று வந்த வேலை என்று அவனுக்குப் பட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் இனி எந்த வாசலிலும் போய் நிற்கத் தன்னால் முடியாது என்றும் பட்டது.

"அடைச்சிடலாம்" என்றான் துரை. "மூணு வருசமா இன்னா பண்ணிகினு இருந்த, ஒண்ணு விடாம சொல்லு."

பூபாலன் கூச்சத்தோடு சொன்னான். துரை கேட்டுக்கொண்டே தட்டினான். சமையல் கேட்டரிங் ஆயிற்று. துணி துவைத்தது லாண்ட்ரி ஆயிற்று. சிநேகாவைச் சைக்கிளில் பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டது டிரான்ஸ்போர்ட். காய்ச்சலில் அவள் கிடந்தபோது மூன்று ராத்திரி கண்விழித்தானே, அது இருபத்து நான்கு மணி நேர சேவை. இவ்வளவு வேலை நடக்கும் கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றான் துரை. பூபாலன் வாயில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

சிநேகா என்டர்பிரைசஸ் என்று தடித்த எழுத்தில் திரையில் விழுந்தது.

பெயர் வந்துவிட்டால் விலாசம் வேண்டும். படாளத்து வீட்டு நம்பரைக் கொடுத்தான். விலாசம் இருந்தால் முதலாளி வேண்டும். அவனே முதலாளி என்று போட்டால், முதலாளி எதற்கு வேலை தேடி வருகிறார் என்று கேட்பார்கள். ஆகவே ஜாய்ஸை முதலாளி ஆக்கி, அவள் செல் நம்பரைப் போட்டு, பூபாலனை மேனேஜர் ஆக்கினான் துரை. ஓட்டையை அடைக்க வந்தவன் கையில் இப்போது ஒரு கம்பெனியே இருந்தது.

"மாட்டிக்கினா இன்னாடா பண்றது?"

"இதுல எது பொய்யின்னு காட்டு, அழிச்சிடறேன்."

பூபாலன் மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தான். கம்பெனியைத் தவிர மற்றதெல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.

ஜாய்ஸ் சாயங்காலம் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். முதலில் நெற்றியைச் சுருக்கினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் அரிசி டிரம் மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். "போன்ல யாரானா கேட்டா நான் பொய் பேச மாட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுல போய் நிக்கணும். உள்ளத உள்ளபடிதான் சொல்லுவேன்."

பூபாலன் தாளை வாங்கி, அவள் நம்பர் இருந்த வரியை இன்னொரு தடவை படித்தான்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் இன்டர்வியூ நடந்தது. ஜாய்ஸ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் கேள்வி கேட்பாள். பூபாலன் கையில் கரண்டியோடு நின்று பதில் சொல்வான். சிநேகாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. தன் பெயரில் கம்பெனி இருக்கிறதே, அதில் தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். நீதான் கிளையண்ட், நீ சொல்வதைத்தான் நாங்கள் செய்ய வேண்டும் என்று பூபாலன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். மறுநாள் காலையிலேயே கிளையண்ட் தனக்கு உப்புமா வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. கிளையண்ட்டுக்குத் தனியாக தோசை ஊற்ற வேண்டியதாயிற்று.

இன்டர்வியூ அன்று பூபாலன் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி ரிசார்ட் வாசலில் இறங்கினான். ஜாய்ஸ் தேய்த்துக் கொடுத்த சட்டை அதற்குள் கடற்காற்றில் பிசுபிசுத்திருந்தது. உள்ளே குளிர்ந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜெனரல் மேனேஜர் சதாசிவம் எதற்கும் சட்டென்று உற்சாகமாகிவிடுகிற மனிதர். பக்கத்தில் ஆளெடுக்கும் பிரிவைப் பார்க்கும் வரலட்சுமி, நாற்பது வயதிருக்கும், வாயைத் திறக்காமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

சதாசிவம் பயோடேட்டாவைப் பார்த்தார். மூன்று வருஷ ஓட்டையே அவர் கண்ணில் படவில்லை. பூபாலன் நிம்மதியாக மூச்சுவிட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"சிநேகா என்டர்பிரைசஸுக்கு எத்தனை கிளையண்ட்?"

"பர்மனென்ட்டா ஒருத்தர் சார். சாயங்காலத்துல மட்டும் இன்னொருத்தங்க."

"ஒரே கிளையண்டை வெச்சு மூணு வருஷமா? ரொம்பக் கறாரான பார்ட்டியோ?"

"ஆமா சார். சாப்பாடு புடிக்கலன்னா தட்டை வீசிடுவாங்க."

சதாசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வி.ஐ.பி.யா?"

"எங்களுக்கு அப்படித்தான் சார்."

வரலட்சுமி எழுதுவதை நிறுத்தி, தலையைத் தூக்கி அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் எழுதினாள்.

கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார் சதாசிவம். எல்லா இன்டர்வியூவிலும் கேட்கிற கேள்விதான். துரை இதற்கு நாலு வரி இங்கிலீஷ் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த நேரம் பார்த்து அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"மொதல்ல நான் ஒண்ணும் பேச மாட்டேன் சார். பசியா, தூக்கமான்னு பாப்பேன். பாதிக்கு மேல இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். ரெண்டும் இல்லன்னா வெளிய ஒரு ரவுண்டு கூட்டிகினு போயிட்டு வருவேன்."

சதாசிவம் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். இருபது வருஷமாக ஓட்டல் தொழிலில் இருக்கிறேன், இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார். எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. இப்படி ஒரு கம்பெனி இருக்கும்போது ஒரே ஒரு ஆளை எதற்கு எடுக்க வேண்டும், விடுதி முழுவதையும் சிநேகா என்டர்பிரைசஸுக்கே காண்ட்ராக்ட் விட்டுவிடலாமே என்றார். பூபாலன் பதறிப்போய், சின்ன கம்பெனி, அவ்வளவு ஆளில்லை என்று சொல்லிப் பார்த்தான். அடக்கம் வேறயா என்று அவருக்கு உற்சாகம் இன்னும் கூடியது. உடனே பயோடேட்டாவில் இருந்த முதலாளி நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

பூபாலன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

ஜாய்ஸ் எடுத்தாள். கம்பெனி கேன்டீன் இரைச்சல் பின்னால் கேட்டது. சிநேகா என்டர்பிரைசஸ் முதலாளியா என்று கேட்டார் சதாசிவம்.

"சிநேகா அம்மா பேசறேன் சார்" என்றாள் ஜாய்ஸ்.

சதாசிவம் போனைக் கையால் மூடிக்கொண்டு, மகள் பெயரில் கம்பெனி நடத்துகிறார்கள், நல்ல குடும்பம் என்று வரலட்சுமியிடம் சொன்னார். அப்புறம் பூபாலன் வேலையில் எப்படி என்று கேட்டார்.

"மூணு வருசத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல சார். ஒடம்பு சரியில்லாதப்பகூட எழுந்து செஞ்சாரு."

"சம்பளம் எவ்வளவு குடுத்தீங்க?"



"நான் ஒண்ணும் குடுக்கல சார். அவரும் கேக்கல. அவரு வூட்ட பாத்துகினதாலதான் நான் வேலைக்கு வந்துகினு கீறேன். இத நான் அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

பூபாலன் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டான். மூன்று வருஷமாக ஊரெல்லாம் கேட்ட கேள்விக்கு அவள் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டாள். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவனுக்கு உண்மையாகவே தோன்றியது.

சதாசிவத்துக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவருக்குப் புரிந்தது வேறு. சம்பளமே வாங்காமல் முதலாளி வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட மேனேஜர் என்று எடுத்துக்கொண்டார். போனை வைத்தவர் மேஜையைத் தட்டி, நாளைக் காலையில் தானே நேரில் படாளத்துக்கு வந்து கம்பெனியைப் பார்த்துவிட்டு காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

வீட்டு வாசல் கொடியில் காயும் சின்னச் சின்ன கவுன்களும், சுவரில் கிளையண்ட் கிரேயானில் வரைந்து வைத்திருக்கும் யானையும் பூபாலன் கண்ணுக்கு முன்னால் வந்தன. இனி தாங்காது. எழுந்து நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கம்பெனி..."

"அந்தக் கம்பெனி வெளி காண்ட்ராக்ட் எடுக்காது சார்" என்றாள் வரலட்சுமி. அறைக்குள் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "அந்த மாதிரி கம்பெனிங்களைப் பத்தி எனக்குத் தெரியும். போய்ப் பாக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது. ஆளை மட்டும் எடுத்துக்கலாம். நல்ல ஆளு."

சதாசிவம் எட்டு வருஷமாக விதிமுறை விஷயத்தில் வரலட்சுமி சொல்லைத் தட்டியதில்லை. முகம் கொஞ்சம் வாடினாலும் எழுந்து பூபாலனுக்குக் கை கொடுத்தார். ஒன்றாம் தேதி வந்து சேரும்படியும், சிநேகா என்டர்பிரைசஸில் மூன்று வருஷம் வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கொடுத்துவிடும்படியும் சொன்னார்.

வேலை கிடைத்துவிட்டது. பூபாலனுக்குக் கதவுவரை கால் தரையில் படவில்லை. கதவைத் தாண்டியதும்தான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது. இல்லாத கம்பெனியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். துரை ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்துவிடுவான், முத்திரைகூடப் போட்டுத் தருவான். ஆனால் ஜாய்ஸ் போனில் அப்படிப் பேசிய பிறகு ஒரு பொய்க் காகிதத்தை நீட்ட அவனுக்கு மனசு வரவில்லை. வருவது வரட்டும், இந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வரலட்சுமி பின்னாலேயே அவள் அறைக்குப் போனான்.

அவள் பீரோவிலிருந்து ஒரு புது ஃபைலை எடுத்து, மேலே அவன் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்த அனுபவச் சான்றிதழ்..."

"பாப்பாவோட பர்த் சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்க, ஃபைல் எங்கிட்டதான் இருக்கும்" என்றாள் வரலட்சுமி தலையைத் தூக்காமல். "நானும் அதைக் குடுத்துத்தான் இங்க சேர்ந்தேன், எனக்கு ரெண்டு காப்பி தேவைப்பட்டுது, ரெட்டைப் புள்ளைங்க."