கை படாக் கணினி

கையே படாமல் கணினியை ஆள்வதென்று இருதயராஜ் தீர்மானித்தான். கை படாமலிருப்பது அவனுக்குப் புதிதல்ல. திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய அவனது கணினி மையத்தில், கல்யாணமான நாள்முதல் விரல் தேய மனு அடித்தவள் மனைவி அமலா. பெயர்ப்பலகையில் மட்டும் அவன் பெயர்.

“வாயால சொன்னா அதுவே அடிச்சிடும். இனிமே இங்க நீ எதுக்கு? வீட்ல கேப்பைக் களி கிண்டிக்கினு கிட.”

அமலாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

முதலில் கணினிக்குக் குரலைப் பழக்க வேண்டும். திரையில் வருவதையெல்லாம் உரக்கப் படிக்க வேண்டும். இருதயராஜ் இரண்டு வரி படித்தான். தொண்டை வறண்டது.

“நீ படி. ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கிறவதானே? நான் டீ குடிச்சிட்டு வர்றேன்.”

“நானா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“பேஜாரு பண்ணாத. படி!”

தன்னைத் துரத்தும் வேலையையும் தன் தலையிலேயே கட்டுகிறானே! பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். முடிவில் ஓர் அறிவிப்பு வந்தது: ‘இனி இந்தக் குரலுக்கு மட்டுமே இக்கணினி பணியும். மாற்றுவதானாலும் இந்தக் குரலே கட்டளையிட வேண்டும். சம்மதமா?’

“சம்மதம்,” என்றாள் அமலா. திருமணப் பீடத்தின் முன்கூட அவள் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மறுநாள் கிளியனூர் மாசிலாமணி பட்டாவுக்கு மனு எழுத வந்தார். இருதயராஜ் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

“புது மனு திற!”

கணினி கல்லாகக் கிடந்தது.

“திறடா! ஜல்தி!”

“எங்க எருமையும் இப்படித்தாங்க,” என்றார் மாசிலாமணி. “ஊட்டுக்காரி போனாத்தான் பால் சொரக்கும். நான் போனா ஒதை.”

மறந்துவைத்த தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக வந்தவள்போல் ஓரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை தின்றுகொண்டிருந்த அமலா, தலை நிமிராமல், “புது மனு திற,” என்றாள்.

திரை விரிந்தது.

“இன்னா பண்ண நீ?”

“நீங்க படின்னீங்க, படிச்சேன். டீ குடிக்கப் போனது யாரு?”

“மாத்திக் குடு!”

“நான் சொன்னாத்தான் மாறும். சொல்ல மாட்டேன். எழுந்திருங்க, அது என் நாற்காலி. பலகையில என் பேரையும் எழுதச் சொல்லுங்க.”

“அப்ப மத்தியானத்துக்குச் சோறு?”

“கேப்பை மாவு டப்பாவுல கீது.”

அடுப்பின் முன் நின்று “கிளறு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, களி கிண்டும் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தான் இருதயராஜ்.